வலி நின்றாலும் டாக்டரைப் பாருங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடைவாய்ப் பல் வலி தானாக நின்றுவிட்டது, இனி டாக்டர் எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கவலை கூடியது. சொத்தை ஆழமாக இறங்கினால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த வலி அதனால் வந்ததுதான். பிறகு நரம்பு செத்துப்போகும், வலியும் அடங்கும். ஆனால் கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பல்லருகே ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். உடைந்தால் அது சீழ்தான்.

நான் உதவியாளராக இருக்கும் இந்தப் பல் மருத்துவமனைக்கு, வருஷக்கணக்காகப் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். இங்கே யாரும் அவர்களைத் திட்டுவதில்லை. பயமாக இருக்கிறது என்று முன்பதிவின்போதே சொன்னால் கூடுதல் நேரம் ஒதுக்குவோம். நடுவில் கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார். நீங்களும் இதை அங்கே முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முதல் தடவை பெரும்பாலும் பரிசோதனைதான். பல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், குளிர்ச்சி வைப்பார்கள், வேர் நுனி தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுப்பார்கள். குளிர்ச்சியை எடுத்ததும் கூச்சம் போய்விட்டால் நரம்பைக் காப்பாற்ற வழியுண்டு. அரை நிமிஷம் தாண்டியும் வலித்தால் அநேகமாக முடியாது. எதுவுமே உறைக்கவில்லை என்றால் நரம்பு செத்திருக்கலாம். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மான மருந்து எதையும் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பல்லை மரத்துப்போகச் செய்யப் போடும் ஊசியைப் பற்றி ஒன்று. வலி உச்சத்தில் இருக்கும்போது போனால் மருந்து சரியாகப் பிடிக்காது. வீங்கிய இடத்தின் அமிலத்தன்மை அதைத் தடுக்கும். அதனால் வலி இல்லாத இப்போதே போவதுதான் நல்லது. மருந்தில் அட்ரினலின் இருப்பதால் ஊசி போட்டதும் நெஞ்சு கொஞ்சம் படபடக்கலாம், சில நிமிஷத்தில் அடங்கிவிடும். கீழ்ப் பல் என்றால் உதடு மரத்துப்போகும் வரை தொடங்க விடாதீர்கள்.

பல்லில் போதுமான சுவர் மிச்சமிருந்தால் ரூட் கேனால் செய்யச் சொல்லுங்கள், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 3 குழாய், சிலருக்கு 4. ஒன்றை விட்டுவிட்டால் சீழ் திரும்ப வரும். எச்சில் உள்ளே போகாமல் ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். இங்கே அது இல்லாமல் நாங்கள் தொடங்குவதே இல்லை. பாதியில் வைக்கும் தற்காலிக அடைப்பை மாசக்கணக்கில் விட்டால் கசிந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும். முடிந்ததும் பல்லை மூடும் உறையான கேப் போடாமல் விடுகிறவர்கள் பலர். அந்தப் பல் கடிக்கும்போது வேர்வரை பிளந்தால் பிறகு பிடுங்கத்தான் வேண்டும்.

பிடுங்கினால் பஞ்சை 20 நிமிஷமாவது அழுத்திக் கடியுங்கள். அன்று துப்பவோ, கொப்பளிக்கவோ, உறிஞ்சிக் குடிக்கவோ வேண்டாம், ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். புகை சில நாளைக்குக் கூடவே கூடாது. மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் வலி குறையாமல் ஏறினால் திரும்பப் போங்கள்.

வெறும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். செத்த நரம்புக்கு ரத்தம் போகாது, மருந்தும் அங்கே போய்ச் சேராது. தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எக்ஸ்ரே எடுத்ததும் படத்தை எனக்கு அனுப்புங்கள். இங்கே டாக்டரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி