டோர்ச் அடித்து வாய்க்குள்ளும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதி, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. என் பேரனுக்கு அப்படிப் படம் எடுத்துக் காட்ட முடியாது. அவனுக்குச் சொண்டு நன்றாகத்தான் இருந்தது. பிளந்திருந்தது வாயின் மேற்கூரையான அண்ணம் மட்டும், அதுவும் பின்பக்கத்தில்.

பிறந்த இடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மார்பில் போட்டால் இரண்டு இழுவை இழுத்துவிட்டு அழுவான். பால் மூக்கால் வரும். மகளுக்குப் பால் போதாது என்று சொல்லி, அவளும் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். மூன்றாம் கிழமை வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாது நாக்கை அழுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அண்ணம் திறந்திருந்தால் பிள்ளையால் உறிஞ்சி இழுக்க முடியாது. தாயிடம் எவ்வளவு பால் இருந்தாலும் பயனில்லை. அன்றிலிருந்து பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். நிறை ஏறத் தொடங்கியது.

சரி, காரணம் தெரிந்ததும் ஊர்வாய் அடங்கியதா? கிரகணத்துக்குள் மரக்கறி வெட்டினாளோ என்று கேட்டவர்கள் உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே அண்ணத்தின் இரண்டு பக்கமும் வந்து பொருந்திவிட வேண்டும். பரம்பரையோ, சில வலிப்பு மருந்துகளோ, புகைத்தலோ அதைக் குழப்பலாம். பல பிள்ளைகளில் காரணமே தெரிவதில்லை. பெற்றவளைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

ஒரு வயதளவில் அண்ணத்தைத் தைத்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். பேசத் தொடங்கியபோது 'அப்பா' என்று சொல்லவே வரவில்லை, 'அம்மா' என்றுதான் வந்தது. 'ப' சொல்ல வாய்க்குள் காற்றை அடைக்க வேண்டும். அவனுக்கு அது மூக்கால் போய்விடும். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியும். அப்புறம் பேச்சுப் பயிற்சி தொடங்கினோம். காதையும் சோதிக்கச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேள்வி மந்தமாகலாம். கேட்காத ஒலியைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

பிரசவ விடுதிகளில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விரலால் தடவிப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள், பின்பக்கப் பிளவு விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம். நாக்கை அழுத்தி வெளிச்சம் பிடித்து, உள்நாக்கு வரை பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பெற்றோரே, தையல் ஆறிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். தீவுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணம் வந்து போக ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகவே பேச்சுப் பயிற்சி பிரதேச வைத்தியசாலைகளிலும் கிடைக்க வேண்டும்.

பேரன் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 'அப்பா' தெளிவாக வருகிறது. 'ச' தான் இன்னும் கொஞ்சம் மூக்கால் போகிறது. பின்னேரங்களில் கண்ணாடிக்கு முன் இருத்திச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஒரு அம்மம்மா,
சாவகச்சேரி