இரண்டு போரும் வேண்டும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை செல்வராசுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு முட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை. ரிட்டயர் ஆனதும் மூலனூர்க் காட்டுக்கே வந்து நாலு ஜெர்சி கலப்பு மாடு கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் நாலும் சேர்ந்து நாற்பது லிட்டர் கறக்கும் என்று கணக்குப் போட்டவன், தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டாயே.

கறவை மாடு கோடையில் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது லிட்டர் குடிக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே, வேறு எங்கிருந்து வரும்? போன சித்திரையில் என் போர்க்கிணறு இருபது நிமிஷம் ஓடிவிட்டுக் காற்றை ஊதியது. போதாததற்கு, தண்ணீர்த் தாழியை வெயிலில் வைத்திருந்தேன். மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைவிட்டுப் பார்த்தால் சுடுகிறது. ஒன்பது லிட்டர் கறந்தது ஆறுக்கு இறங்கிய பிறகுதான் தாழியை வேம்படிக்கு நகர்த்தினேன். சோளத்தட்டையும் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் மட்டும் போட்டேன். தின்ற தீவனம் வயிற்றில் செரிக்கும்போதே மாட்டுக்கு உடம்பு சூடேறும், உச்சி வெயிலில் அதுவும் சேர்ந்தால் மூச்சிரைக்கும். ஒரு வாரத்தில் பால் எட்டுக்கு ஏறியது.

தண்ணீருக்கு ஒரு போர் என்றால், தீவனத்துக்குக் காய்ந்த தட்டை அடுக்கி வைக்கும் தட்டுப்போர். பங்குனி, சித்திரையில் தட்டு விலைக்குத் தேடி அலைந்தால் பால் பணம் அதற்கே சரியாகிவிடும்.

புரட்டாசியில் நடந்ததை உனக்கு எழுதவில்லை. மழை ஏமாற்றி, சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. சினைக் கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. பத்து வாய்தான் கடித்திருக்கும். கால் மணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், படுத்துவிட்டது. வாடின இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறும் என்று நம் அப்பன்மார் சொன்னதுதான். டாக்டர் அதைச் சயனைடு என்றார். நல்லவேளை, பக்கத்து ஊரிலேயே இருந்தார். நரம்பில் மருந்து ஏற்றிய பிறகு காதை ஆட்டியது பார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இப்போது சோளம் பூவெடுக்காமல் ஒரு தட்டைக்கூட அறுப்பதில்லை.

சரி, உங்கள் அப்பா விட்டுப்போன கொறங்காடு, அந்த வேலி போட்ட மேய்ச்சல் காடு, எப்படி இருக்கிறது? கிளுவை வேலியும் வெள்வேல மரமும் இருந்தால் டோசர் விட்டு உழுதுவிடாதே. நாலு மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல் தானே தலைகாட்டும், விதைக்க வேண்டியதில்லை. அதை நம்பிக் காங்கேயம் மாடு ஒன்று வாங்கு. கன்றுக்குப் போக இரண்டு, மூன்று லிட்டர்தான் கிடைக்கும், ஆனால் நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. கலப்பு மாடு ஒன்று போதும். நாலு வேண்டாம் என்று சொன்னால் தங்கச்சி என்னைத் திட்டமாட்டாள், நீதான் திட்டுவாய்.

சித்திரையில் கண்ணபுரம் தேர் வருகிறது, மாட்டுச்சந்தையும் கூடும். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. முதலில் உன் காட்டில் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் எத்தனை நேரம் வருகிறதென்று பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போவோம்.

இப்படிக்கு,
ராமசாமி