விளக்கடியில் ஒரு பெஞ்சு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டர்சன் தெருக் காகிதக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் வரை போய், அங்கிருந்து நடப்பேன். 2023 ஆகஸ்ட் 27 முதல், கடற்கரை - எழும்பூர் 4-ஆவது பாதை வேலைக்காக ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. 7 மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு ஓடியது 2024 அக்டோபர் 29-இல்தான். முதல் மாதம் முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு; ஆனால் எனக்குப் படிக்க வராது. ஆந்திராவில் காவலி ஊரில் இருந்த பாட்டிக்கு அப்பா இங்கிருந்து எழுதிய 38 இன்லேண்டு கடிதங்கள், பாட்டி காலமானதும் ட்ரங்க் பெட்டியோடு எங்களிடமே வந்தன. அப்பாவும் போன பின் அவற்றைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரு தெலுங்கு அரிச்சுவடி வாங்கினேன். மாலையில் சிந்தாதிரிப்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். நமக்கு ஒரு ‘க’ என்றால் அதில் நான்கு. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன், எழுத்தின் காலடியில் இன்னொரு எழுத்தைத் தொங்கவிடும் ‘ஒத்து’தான் பாடாய்ப் படுத்தியது. ‘அம்ம’ என்று எழுதவே ‘ம’வுக்குக் கீழே ஒரு குட்டி ‘ம’ போட வேண்டும். அப்பாவின் கடிதங்கள் எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன. அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்த அன்று, வந்த ரயிலை விட்டுவிட்டேன். நான் பிறந்த இரவு அடைமழையில் ரிக்‌ஷா கிடைக்காமல் அம்மாவை நடத்தியே கூட்டிப்போனதை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அம்மாகூட எனக்குச் சொன்னதில்லை.

அதே பெஞ்சில் ஒரு பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பாள். வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான், நெருக்கி உட்காருவோம்.

இப்போது 118.9 கி.மீ. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. சாலையை மாற்றிவிடும்போது பஸ் நிறுத்தங்களும் இடம் மாறுகின்றன. வேலை முடிய வேண்டியதுதான், மறுக்கவில்லை. மாற்று நிறுத்தம் வைக்கும் இடத்தில் நல்ல விளக்கும், அதன் அடியில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சும் முதல் நாளே போட்டுவிடுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பறக்கும் ரயில் நிலையங்களில் சும்மா கிடக்கும் பெரிய கூடங்களிலும் இதைச் செய்யலாம்.

எனக்கு இன்னும் 9 கடிதங்கள் பாக்கி.

- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை - 42.