கொமடோர் 64 வாங்கப்போகும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

பழைய கொமடோர் 64 கணினி ஒன்று விலைக்கு வருகிறது, அதே காலத்து பிரிட்டிஷ் வீட்டுக் கணினிகளான ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ எல்லாவற்றையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிடும்தானே என்று கேட்டிருந்தாய். படத்திலும் ஒலியிலும் ஆமாம். மற்றதில் பல இடங்களில் இல்லை.

1982 ஆகஸ்டில் 595 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த கணினி அது. 64 கேபி நினைவகத்தோடு அந்த விலைக்குத் தர முடிந்ததற்குப் பெரிய காரணம், மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியை 1976-லேயே கொமடோர் வாங்கிப் போட்டிருந்ததுதான். அங்கே உருவான இரண்டு சிப்தான் இதன் உயிர்.

ஒன்று படத்தைக் கவனிக்கும் விக்-2. 16 நிறம், 8 ஸ்பிரைட் (பின்னணிக்கு மேலே தனியாக நகரும் சிறு உருவம்). ஸ்பிரைட்டை நகர்த்த இரண்டு எண்ணை மாற்றினால் போதும், பின்னணி கலையாது. ஸ்பெக்ட்ரத்தில் இந்த வேலை முழுவதும் செயலியின் தலையில். போதாததற்கு அதில் 8-க்கு 8 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறம். சிவப்பு உருவம் பச்சை மரத்தைக் கடந்தால் மரமும் சேர்ந்து சிவக்கும்.

இன்னொன்று ஒலிக்கான சிட், பொறியாளர் பாப் யானஸ் வடிவமைத்தது. மூன்று குரல், நான்கு அலைவடிவம், ஒலியின் தன்மையை மாற்றும் உண்மையான ஃபில்டர். அதே காலத்து ஆப்பிள் 2 ஸ்பீக்கரைத் தட்டித் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது.

காசையும் கவனத்தையும் இந்த இரண்டில் கொட்டியவர்கள், பேசிக் நிரல்மொழியில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது பழைய பேசிக் 2. கோடு போடக் கட்டளை இல்லை, ஒலிக்கும் இல்லை. ஒரே ஒரு சுரம் கேட்க 54272-இல் தொடங்கும் முகவரிகளில் ஐந்தாறு போக் (நினைவகத்தில் எண்ணை நேராக எழுதும் கட்டளை) அடிக்க வேண்டும். பிபிசி மைக்ரோவில் சவுண்டு 1,-15,100,20 என்று ஒரு வரி போதும். அதன் பேசிக்கில் புரொசீஜர் (பெயர் சொல்லி அழைக்கும் துணை நிரல்) உண்டு, நடுவிலேயே செயலிக்கு நேரான மொழியான அசெம்பிளி எழுதலாம், செயலியும் 2 மெகாஹெர்ட்ஸ். கொமடோரில் ஏறக்குறைய 1. இந்தியப் பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்துக்கு பிபிசியைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் பிபிசிக்கு நினைவகம் 32 கேபிதான். நுணுக்கமான திரை முறை ஒன்றைப் போட்டாலே அதில் 20 கேபி போய்விடும்.

கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்குள்ளேயே ஒரு 6502 செயலி, 2 கேபி நினைவகம். டிரைவே ஒரு கணினி. ஆனாலும் தரவு நொடிக்கு 400 பைட் அளவில்தான் நகரும். 40 கேபி விளையாட்டுக்கு நூறு விநாடி. காரணம் கொமடோரின் முந்தைய கணினியான விக்-20 காலத்தது: அதிலிருந்த 6522 சிப்பில், பிட்டுகளை வரிசையாக அனுப்பும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் கோளாறு இருந்ததால், ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே அனுப்பும்படி மாற்றினார்கள். அந்த முறையை 64-க்கும் கொண்டுவந்தபோது, விக்-2 இடையிடையே செயலியை நிறுத்தி வைப்பதால் இன்னும் மெதுவாக்க வேண்டியதாயிற்று. ஃபாஸ்ட்லோட் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிக்கொள், பல மடங்கு வேகம் கூடும்.

வாங்கும்போது முதலில் பவர் அடாப்டரைப் பார். பழையது என்றால், வேலை செய்தாலும் நம்பாதே. பிசின் ஊற்றி மூடிய அந்தக் கட்டிக்குள் வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் ஏறிக்கொண்டே போகும், நினைவக சிப்புகள் கருகும். கணினியில் செருகாமல் பிளக்கிலேயே மல்டிமீட்டர் வைத்து அள: 2-ஆம் பின் எர்த், 5-ஆம் பின்னில் 5 வோல்ட் டிசி, 6-க்கும் 7-க்கும் இடையே 9 வோல்ட் ஏசி. 5.2-ஐத் தாண்டினால் தூக்கிப் போடு. தாண்டாவிட்டாலும் புதிய அடாப்டர் வாங்கிவிடுவதே என் யோசனை. சுமை ஏறி, சூடான பிறகு ஏறும் வோல்ட்டை அந்த ஒரு அளவு காட்டாது.

கணினியைப் போட்டதும் '38911 பைட் காலி' என்று நீலத் திரையில் வர வேண்டும். கறுப்பாகவே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எந்த முகவரி எந்த சிப்புக்கு என்று பிரிக்கும் பிஎல்ஏ சிப், அடுத்து நினைவகம். ஜாய்ஸ்டிக் போர்ட்டின் பின்களை விரலால் தொடாதே. உடம்பிலிருக்கும் நிலைமின்சாரமே விசைப்பலகை, ஜாய்ஸ்டிக்கைக் கவனிக்கும் சிஐஏ சிப்பைக் கொன்றுவிடும்.

விற்பவரிடம் பால் (PAL, ஐரோப்பா, இந்தியாவின் டிவி முறை) மாடலா என்று கேள். அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) பெட்டி என்றால் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது, நம் ஊர் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது. ஐரோப்பிய விளையாட்டுகளின் இசையும் அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், சில விளையாட்டுகள் திரை கலைந்து நின்றுவிடும். பிரிட்டன், ஜெர்மனிப் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

வீடியோ சாக்கெட்டில் எத்தனை துளை என்று படம் அனுப்பச் சொல். 5 துளை என்றால் ஆரம்பகால போர்டு. தெளிவான படம் தரும் எஸ்-வீடியோ கேபிளுக்கு வேண்டிய தனி வண்ண சிக்னல் அதில் கிடைக்காது. 8 துளை இருந்தால் வாங்கலாம்.

அன்புடன்,
மாமா