இரவில் மட்டும் வந்த கோளாறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வண்டி மேல் ஏறி வேலை பார்க்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நானும் நலமே. கண்ணாடி மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன்; கனெக்டர் பின்களைப் பார்க்க இனி அது இல்லாமல் முடியாது.

உன்னிடம் வந்திருக்கும் எக்ஸ்கவேட்டரில் மானிட்டர் தகவல் தொடர்புப் பிழை காட்டுவதாகவும், உரிமையாளர் இன்ஜின் கன்ட்ரோலரை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை) மாற்றிவிடச் சொல்லி அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருந்தாய். கீழே எழுதியிருப்பதை அளந்து பார்க்கும் வரை தயவுசெய்து அதை மாற்றாதே.

பம்பு கன்ட்ரோலரில் பதிவான கோடு, அதாவது பிழைக் குறியீடு, எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 என்கிறாய். எஸ்பிஎன் கோளாறு எதில் என்பதையும், எஃப்எம்ஐ அது எந்த விதம் என்பதையும் சொல்லும். 639 என்பது ஜே1939 தொடர்பு லைனையே, அதாவது கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர் இணைப்பையே குறிக்கும் எண். 9 என்பது வர வேண்டிய தகவல் உரிய நேரத்தில் வரவில்லை என்பதைச் சொல்லும். ஆக, தனக்குக் கேட்கவில்லை என்று ஒரு கன்ட்ரோலர் முறையிடுகிறது, அவ்வளவுதான். பேச வேண்டியது பேசவில்லையா, பேசியது வழியில் அறுந்ததா, கேட்பதன் காதே அடைத்துக்கொண்டதா என்பதை அந்த எண் சொல்லாது. அதனால் ஒரு கன்ட்ரோலரின் கோடோடு நிற்காமல், இணைப்பில் இருக்கும் எல்லாவற்றின் கோடுகளையும் எடுத்து, எது எதைப் பற்றி முறையிடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். எல்லாம் சேர்ந்து ஒன்றையே குறை சொன்னால், அந்த ஒன்றுக்கு வரும் மின்சாரம், எர்த், கிளை வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் குறை சொன்னால், பெரும்பாலும் தனித்து விடப்பட்டிருப்பது அதுவே. எல்லாம் எல்லாவற்றையும் குறை சொன்னால்தான் முதன்மை லைனில் கை வைக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சென்ற மாதம் நான் பார்த்த ஒரு வண்டி. இரண்டு முறை பம்பு கன்ட்ரோலர் மாற்றியும் பிழை போகவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். சாவியை அணைத்துவிட்டு, லைனில் மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த லைனின் இரு வயர்களான கேன் ஹை, கேன் லோவுக்கு இடையே அளந்தேன். சரியாக 60 ஓம்ஸ். சாவியைப் போட்டதும் ஹையில் 2.7 வோல்ட், லோவில் 2.3 வோல்ட், கூட்டினால் 5, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முழு நாள் ஓட்டியும் கோளாறு வரவில்லை. கடைசியில் ஓட்டுநரை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டபோதுதான், "ராத்திரி வேலையில மட்டும்தான் சார் வரும்" என்றார். பனி ஈரம் கனெக்டரில் இறங்குகிறது என்று அதுவரை எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

இரவில் மாறுவது ஈரம் மட்டுமா? வேலை விளக்குகளும் எரிகின்றன. நான்கு விளக்குகளையும் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பம்பு கன்ட்ரோலரின் எர்த் பின் வரை அளந்தேன். அரை வோல்ட்கூட இருக்கக் கூடாத இடத்தில் 3 வோல்ட் நின்றது. ஓட்டுநர் பூமை, அதாவது வண்டியின் நீண்ட கையைத் தூக்கி இறக்கியபோது அந்த அளவு துள்ளியது. விளக்குகளுக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரே எர்த் போல்ட். இருக்கைக்குப் பின்னால் இருந்த அந்த போல்ட்டைச் சுற்றி வண்டியின் பெயிண்ட் சூட்டில் பழுப்பேறி, ஒரு நாணய அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. கழற்றினால் லக்குக்கும் (வயர் முனையின் உலோக வளையத்துக்கும்) தகட்டுக்கும் நடுவே செந்துரு. பகலில் கன்ட்ரோலரின் சிறு மின்னோட்டத்துக்கு அந்தத் துருவே போதுமானதாக இருந்தது. விளக்குகளின் மின்னோட்டமும் சேர்ந்ததும் தாங்கவில்லை. தகட்டை வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, புது லக் போட்டு இறுக்கியபின் கோளாறு திரும்பவில்லை. கழற்றி வீசிய இரண்டு கன்ட்ரோலர்களும் நல்லவையே என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மீட்டரில் 60 ஓம்ஸ் காட்டினால் லைன் சரி என்று முடித்துவிடும் பழக்கம் நம் தொழிலில் பலருக்கு உண்டு. லைனின் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறது (இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 60), வயர் அறுபடவில்லை என்பதற்கு மேல் அந்த அளவு எதையும் சொல்வதில்லை. வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 4 மைக்ரோசெகண்ட். ஒரு தளர்ந்த பின் அதிர்வில் ஆயிரத்தில் ஒரு வினாடி விட்டுப் பிடித்தால் 250 பிட்கள் போய்விடும். மீட்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அனுப்புவதில் பிழைகள் குவிந்து கணக்கு 255-ஐத் தாண்டினால் கன்ட்ரோலர் தானாகவே லைனை விட்டு விலகிக்கொள்ளும். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாதே.

இனி உன் வண்டி. நீ 120 ஓம்ஸ் அளந்ததாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு முனையின் ரெசிஸ்டர் தொடர்பில் இல்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் அந்த ரெசிஸ்டர் இன்ஜின் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் ஹார்னஸின் (வயர்க் கட்டின்) முனையில் தனி மூடிபோல் செருகியிருக்கும். வயரிங் படத்தில் முதலில் அதைத் தெரிந்துகொள். அது கன்ட்ரோலருக்குள் இருந்தால், இன்ஜின் கன்ட்ரோலர் கனெக்டரைக் கழற்றி, ஹார்னஸ் பக்கத்தில் அளந்து பார். அங்கே எல்லையற்ற மின்தடை காட்டினால் அறுந்த இடம் அதற்கும் கேபினுக்கும் நடுவே; ஹார்னஸ் தகட்டு விளிம்பில் உரசும் இடங்களிலிருந்து தேடத் தொடங்கு. அங்கேயும் 120 காட்டினால் மறு முனையும் நடு வயரும் நலம். இந்த முனையின் ரெசிஸ்டரையும் பின்களின் பிடிப்பையும் பார். ஊசியால் வயரைக் குத்தி மட்டும் அளக்காதே. அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, ஆறு மாதத்தில் செம்பு பச்சை பூத்துவிடும்.

முன்பு அந்த வண்டியில் எங்காவது வெல்டிங் செய்தார்களா, ஜிபிஎஸ் கருவி ஏதும் பொருத்தினார்களா என்றும் உரிமையாளரைக் கேட்டு வை. ஹார்னஸ் பக்கம் என்ன அளவு வந்தது என்று எழுது. அதை வைத்து அடுத்ததைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்