வந்தான் என்று தேடினால் 'வா'வைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அகராதிச் செயலி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வாக்கியத்தில் வருகிற வடிவத்திலேயே தேடினால் உங்கள் செயலியில் சொல் கிடைப்பதில்லை என்று ஏற்கெனவே மூன்று முறை எழுதியவள்தான். தங்கச்சிமடம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்றால் நினைவு வரலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள்: "வேர்ச்சொல்லை உள்ளிட்டுத் தேடவும்." அந்த ஒரு வரியால்தான் நாலாவது மடலை ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

என் மருமகளுக்குத் தாய்மொழி ஒடியா. மகன் படகு எஞ்சின் வேலையாகப் பாரதீப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண். மூன்றே மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, எதையும் விடமாட்டாள். புரியாத சொல் வந்தால் உங்கள் செயலியில் தட்டுவாள். அதை அவள் போனில் ஏற்றிக் கொடுத்த பாவம் என்னுடையது.

போன ஐப்பசியில் ஒரு நாள் கண் காட்ட இராமநாதபுரம் கிளம்பினேன். வாசலில் 15 கிலோ நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு சீட்டில், "வானம் இருட்டினால் நெத்திலியை மூடாமல் விட்டுவிடாதே" என்று எழுதி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். 'மூடி வை' என்று எழுதியிருக்கலாம். இருபத்தெட்டு வருடம் இலக்கணம் நடத்திய கை, கேட்குமா?

"மூடாமல்" என்று தேடியிருக்கிறாள். அப்படி ஒரு சொல் இல்லை என்றது செயலி. கடைசி எழுத்தை அழித்துப் பார்த்தாள். இல்லை. இன்னொன்றை அழித்தாள். "மூடா" என்று மிஞ்சியதும், இதையா கேட்டீர்கள் என்று "மூடன்" வந்து நின்றது; அறிவில்லாதவன் என்று பொருளும் இருந்தது. "விட்டுவிடாதே"க்குக் கிடைத்தது "விட்டம்". சீட்டைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டில் போய் 'மூடா' என்றால் திட்டுவதா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

சாயங்காலம் நான் வந்தபோது நெத்திலி மழைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அவள் அடுப்படியில் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "அத்தை, நான் மூடனா?" என்றாள்.

நெத்திலி போனால் போகட்டும். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

வேர்ச்சொல்லை உள்ளிட வேண்டுமாம். வேர்ச்சொல் தெரிந்தவளுக்கு அகராதி எதற்கு? 'நின்றாள்' என்று வாசிக்கிறவள் 'நில்' என்பதை எங்கே போய்த் தேடுவாள்? கேட்டாள் என்பது கேள், கண்டேன் என்பது காண், தந்தது என்பது தா. எடு என்பது எடுத்தாள் ஆகிறது. அதே மாதிரி இருக்கும் நடு என்பதோ நட்டாள் ஆகிறது. பெயர்ச்சொல்லும் சும்மா இருப்பதில்லை. ஆற்றில் என்பதில் ஆறு ஒளிந்திருக்கிறது, கருவாட்டை என்பதில் கருவாடு. இவற்றையெல்லாம் நாம் பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்ந்தோம். அவள் கண்ணால் படிக்கிறாள். அதிலும் நம் மொழியில் 'வேண்டாம்' 'கூடாது' எல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். வாலை வெட்டிவிட்டுத் தேடினால் சொன்னதற்கு நேர் எதிரானதைத்தான் செய்ய நேரும்.

இது ஒன்றும் புதுச் சங்கடம் இல்லை. இதே முத்துக்குளித்துறைக் கரையில் தமிழ் கற்ற போர்த்துகீசியப் பாதிரியார் அன்றிக்கே அன்றிக்கசு, 16-ஆம் நூற்றாண்டிலேயே நம் வினைகளை வாய்பாடாகப் பிரித்து எழுதி வைத்தார். 1992-இல் அச்சில் வந்த க்ரியா அகராதி ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் 'வர, வந்து' என்கிற மாதிரி இரண்டு வடிவம் கொடுத்தது. சொல்லைப் பிரித்து அடிச்சொல் காட்டும் உருபனியல் பகுப்பான்களைப் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ வருடமாகச் செய்துவருகிறார்கள். உங்கள் செயலியிலோ 'வந்தான்' என்று தட்டினால் 'வந்தனம்' வருகிறது. சரி, உங்களுக்கும் வந்தனம்.

2004-இல் செம்மொழி என்று அறிவித்தாயிற்று. மேடைக்கு மேடை மூத்த மொழி என்கிறோம். அந்த மூத்த மொழியை ஆசையாகக் கற்க வந்தவளுக்கு 'மூடாமல்' என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல ஆளில்லை. செயலியின் முகப்பில் வள்ளுவர் படம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் நாதஸ்வரம் வேறு. எங்கள் ஊர் சிக்னலுக்கு அந்த நாதஸ்வரம் முடியவே அரை நிமிடம் ஆகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். 'வந்தான்' என்று தேடினால் 'வா'வைக் காட்டுங்கள். 'மூடாமல்' என்று தேடினால், 'மூடு' என்பதிலிருந்து வந்தது, செய்யாதிருப்பதைக் குறிக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். எல்லா வடிவத்துக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், அன்றாடம் புழங்கும் இருநூறு வினைகளில் தொடங்குங்கள். பட்டியல் வேண்டுமானால் நானே கையால் எழுதி அனுப்புகிறேன். அவளுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் பாதி எழுதிவிட்டேன். அதுவும் முடியாவிட்டால், தெரியாத சொல்லுக்கு 'தெரியவில்லை' என்று மட்டுமாவது சொல்லச் சொல்லுங்கள். மூடனைக் காட்ட வேண்டாம்.

அடுத்த ஐப்பசிக்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சீட்டு எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், பஸ் போனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தங்கச்சிமடம்