உப்பும் சென்னை ஈரப்பதமும்

ஆசிரியருக்கு,

உடல் திசுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் திசுப் பொறியியல் பற்றிய செய்திகளில் செல்களைப் பற்றித்தான் பேச்சு. அவை ஒட்டி வளரும் நுண்துளைச் சாரம் (தாங்கும் சட்டகம்) எப்படி உருவாகிறது என்பது அரிதாகவே வருகிறது. கல்லூரி ஆய்வகங்களில் இதைச் செய்யும் மாணவர்களுக்காகச் சில விவரங்கள்.

எளிய வழி, பாலிமரில் கலந்த உப்பை நீரில் கரைத்தெடுப்பது; உப்பு இருந்த இடங்களே துளைகளாகும். 1 கிராம் பி.எல்.ஜி.ஏ. என்ற, உடலில் மெல்லச் சிதையும் பாலிமரை 10 மி.லி. குளோரோஃபார்மில் கரைத்து, 250–425 மைக்ரான் அளவுக்குச் சலித்த உப்பு 9 கிராம் கலக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் ஊற்றுங்கள்; பாலிஸ்டைரீன் தட்டு கரைந்துவிடும். ஃபியூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை வெளியேற்றும் பெட்டி) ஒரு நாள், வெற்றிடத்தில் இன்னொரு நாள் உலர்த்தி, இரண்டு நாள் நீரில் ஊறவிட வேண்டும். எட்டு மணிக்கொரு முறை நீரை மாற்றுவது அவசியம்.

சென்னையில் சிக்கலே உப்பில்தான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்விடும். நம் ஊர் விடியற்காலையில் அது சர்வசாதாரணம். கட்டிபட்ட உப்பு துளை அளவைக் கெடுத்துவிடும். ஓவனில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) வையுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த பாலிமர் புட்டி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள்; உள்ளே படியும் நீர் பாலிமர் சங்கிலிகளை அறுக்கும்.

எடையில் உப்பின் பங்கு சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே போனால், துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடைசியாக வடித்த நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் உப்பு மிச்சமிருக்கிறது. ஆனால் ஊறவைத்தது காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். குழாய் நீரே கலங்கும்!

ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வைத்தால் சாரம் உருக்குலையும். கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு ஏற்றது.

– உயிரிப்பொருள் ஆய்வக ஆசிரியர்கள், சென்னை